பாட்டி வளர்க்கும் பிள்ளைகள்: எய்ட்ஸில் பெற்றோரை இழந்த குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் டெல்டா குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

கருமாதி முடிந்து பந்தல் பிரித்த அன்றைக்கே பெரும்பாலும் இது முடிவாகிவிடும்: பிள்ளைகள் யாரிடம் இருப்பது? அப்பாயியோ அம்மாச்சியோ, அறுபதைத் தாண்டிய ஒருத்தி, "நான் பார்த்துக்கிறேன்" என்று சொல்லிவிடுவாள். அதற்குப் பிறகு வரும் மாத்திரை, மனு, ரேஷன், பள்ளிக்கூடம், ஊர் வாய் எல்லாம் அவள் ஒருத்தியின் தலையில். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் அப்படி வளர்க்கும் குடும்பங்களுக்காகவும், அவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கும் படித்த பிள்ளைகளுக்காகவும் இந்தப் பக்கம்.

மாத்திரை இலவசம்தானே? அப்புறம் என்ன சுமை?

எச்.ஐ.வி. மாத்திரை இலவசம்தான். 2004 ஏப்ரல் முதல் அரசு மருத்துவமனைகளில் காசில்லாமல் கொடுக்கிறார்கள். ஆனால் அதை வாங்கப் போகும் நாள் இலவசம் இல்லை. கடைமடைக் கிராமத்திலிருந்து தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ திருச்சிக்கோ போவதென்றால் விடியற்காலைப் பேருந்து, இரண்டு இடத்தில் மாறுதல், எடை, ஆலோசகர், மருத்துவர், மருந்து ஜன்னல், திரும்பும்போது இருட்டு. பாட்டிக்கு ஒரு நாள் கூலி போகும், பிள்ளைக்கு ஒரு நாள் பள்ளி போகும். மாதம் ஒரு தடவை என்றால் வருஷத்துக்குப் பன்னிரண்டு நாள். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து குறுவை நடவு சூடு பிடிக்கிற வாரத்திலோ, புரட்டாசியில் சம்பா நடவிலோ அந்த நாள் விழுந்தால், "இந்த ஒரு தடவை அடுத்த வாரம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போடுவார்கள். மருந்து விட்டுப்போவதற்கு அலட்சியத்தைக் காரணம் சொல்வது எளிது. நாள் கூலிதான் பெரும்பாலும் காரணம்.

இதைக் குறைக்க இரண்டு வழி உண்டு. உடம்பு நிலையாக இருக்கிற நோயாளிக்கு ஒரே தடவையில் இரண்டு மூன்று மாத மருந்து தர இடமுண்டு. பக்கத்து ஊர் அரசு மருத்துவமனையில் இணைப்பு ஏ.ஆர்.டி. மையம் (ஏ.ஆர்.டி. என்பது எச்.ஐ.வி. கிருமியை அடக்கும் மருந்துச் சிகிச்சை, இந்த மையத்தை லிங்க் ஏ.ஆர்.டி. என்பார்கள்) இருந்தால் அங்கே மாற்றிக்கொள்ளவும் முடியும். இரண்டையும் நீங்கள்தான் வாய்விட்டுக் கேட்க வேண்டும். நடவு மாதங்களைச் சொல்லி, அதற்கு முன்னால் தேதி கேளுங்கள். ரயிலில் போகிறவர்களுக்குச் சிகிச்சைப் பயணத்தில் இரண்டாம் வகுப்புக் கட்டணத்தில் பாதிச் சலுகை உண்டு. அதற்கான படிவத்தில் ஏ.ஆர்.டி. மையத்தில் கையெழுத்து வாங்க வேண்டும்.

அப்பா அம்மா இருவருக்கும் எச்.ஐ.வி. இருந்தது. பிள்ளைக்கும் கட்டாயம் இருக்குமா?

இல்லை. எந்தச் சிகிச்சையும் இல்லாமல் போனாலும் தாயிடமிருந்து குழந்தைக்குப் பரவும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம்தான். தாய் மருந்து எடுத்திருந்தால் 5 சதவீதத்துக்கும் கீழே. பெற்றோரை இழந்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்குக் கிருமி இல்லை. ஆனாலும் எல்லாப் பிள்ளைகளையும் ஒரு தடவை நம்பிக்கை மையத்தில் (அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் இடம்) பரிசோதித்துவிட வேண்டும். "நல்லாத்தானே ஓடியாடுது" என்று விட்டுவிடக் கூடாது. பிறவியிலேயே தொற்றிய பிள்ளை பத்துப் பன்னிரண்டு வயதுவரை வெளியே தெரியாமல் இருக்கக்கூடும். ஒன்றரை வயதுக்கு உட்பட்ட குழந்தையின் ரத்தத்தில் தாயின் எதிர்ப்பொருள் கலந்திருக்கும். அதனால் சாதாரணப் பரிசோதனை ஏமாற்றும். அந்த வயதுக்கு உலர் ரத்தப் புள்ளி எடுத்து அனுப்பும் தனிப் பரிசோதனை உண்டு, ஆறாவது வாரத்திலேயே எடுப்பார்கள். முடிவான பதில் 18 மாதத்தில் தெரியும்.

இறப்புச் சான்றில் நோயின் பெயர் வந்துவிடுமோ?

வராது. இந்தப் பயத்தால்தான் பல வீடுகளில் இறப்பைப் பதியாமலே விட்டுவிடுகிறார்கள். பின்னால் வரும் அத்தனை தடங்கலுக்கும் வேர் அங்கே இருக்கிறது. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், 1969-இன் 17-ஆம் பிரிவு, இறப்பின் காரணத்தை யாருக்கும் தரும் நகலில் காட்டக் கூடாது என்று சொல்கிறது. உங்கள் கையில் வரும் சான்றில் பெயர், தேதி, இடம், முகவரி, பெற்றோர் பெயர் இவைதான் இருக்கும். 21 நாளுக்குள் பதிந்தால் செலவில்லை. ஓராண்டு தாண்டிவிட்டால் கோட்டாட்சியர் உத்தரவு வேண்டும், அது அலைச்சல். அம்மா, அப்பா இருவருக்கும் தனித்தனியாக, ஆளுக்கு ஐந்து நகலாவது எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அலுவலகத்திலும் ஒன்று கேட்பார்கள்.

மனு வாங்குகிற மேசையில் "எப்படி இறந்தார்?" என்று கேட்டால், "உடம்பு முடியாமல்" என்பதே போதுமான பதில். 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி நீதிமன்ற உத்தரவு இல்லாமல் ஒருவரின் எச்.ஐ.வி. நிலையைச் சொல்லச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

எந்தெந்தப் பணம் கிடைக்கும்?

முதலில் நோயின் பெயரே தேவைப்படாத உதவிகள். தமிழ்நாடு அரசின் 'அன்புக் கரங்கள்' திட்டம் 2025 செப்டம்பர் 15-இல் தொடங்கியது. இரு பெற்றோரையும் இழந்து உறவினர் பராமரிப்பில் இருக்கும் பிள்ளைக்கு 18 வயதுவரை மாதம் ரூ.2,000. ஒன்றிய, மாநில அரசுகள் சேர்ந்து நடத்தும் மிஷன் வாத்சல்யாவின் நிதி ஆதரவு மாதம் ரூ.4,000. அதற்கு வருமான வரம்பு உண்டு: கிராமத்தில் ஆண்டுக்கு ரூ.72,000, மற்ற இடங்களில் ரூ.96,000. இரண்டையும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்க வேண்டும். உங்கள் பிள்ளைக்கு எது பொருந்தும் என்று அவர்கள் பார்ப்பார்கள். மனு கொடுத்த அன்றே தேதி முத்திரையோடு ஒப்புகை வாங்காமல் வீடு திரும்பாதீர்கள். மூன்று மாதம் கழித்து "அப்படி ஒரு மனு வரவே இல்லை" என்று சொன்னால் காட்டுவதற்கு அந்த ஒரு தாள்தான் இருக்கும்.

அடுத்து, நோயோடு சேர்ந்தவை. எச்.ஐ.வி. தொற்றிய, பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்காகத் தமிழ்நாட்டில் ஓர் அறக்கட்டளை 2009 முதல் இருக்கிறது. அதற்கு வழி ஏ.ஆர்.டி. மைய ஆலோசகர்தான். கிருமி இல்லாத பிள்ளையையும் 'பாதிக்கப்பட்ட' என்ற கணக்கில் கேட்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

பாட்டிக்கே வர வேண்டிய முதியோர் உதவித்தொகை ரூ.1,200-ஐயும் மறந்துவிடாதீர்கள். பேரனுக்காகப் பத்துப் படி ஏறுகிறவள் தன் மனுவை எழுதவே மாட்டாள்.

ஒரு குழப்பம் இங்கே அடிக்கடி வருகிறது. பெற்றோரை இழந்த குழந்தைக்கு ரூ.5 லட்சம் வைப்புத்தொகை என்று 2021-இல் அறிவித்தது கொரோனாவில் இறந்தவர்களின் பிள்ளைகளுக்கு மட்டும். அதை வாங்கித் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்கிற ஆள் வந்தால் திண்ணையில்கூட உட்கார வைக்காதீர்கள்.

பணம் அனுமதியாகிவிட்டது என்கிறார்கள், கணக்கில் ஏறவில்லையே?

பெரும்பாலும் இந்த மூன்று காரணங்களில் ஒன்று. ஆதாரில் 'மு. கார்த்திகா', பள்ளியில் 'கார்த்திகா மு', பாஸ்புக்கில் இனிஷியலே இல்லை. அல்லது ஆதார் வங்கிக் கணக்கோடு இணையவில்லை. அல்லது 5 வயதிலும் 15 வயதிலும் செய்ய வேண்டிய விரல்ரேகை, கருவிழிப் புதுப்பிப்பு செய்யாமல் விட்டுவிட்டார்கள். மனு கொடுப்பதற்கு முன்பே நான்கு தாளையும் ஒரு மேசையில் பரப்பி எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாருங்கள்: பிறப்புச் சான்று, ஆதார், பள்ளிச் சான்று, பாஸ்புக். பிறப்புச் சான்றை ஆதாரமாக வைத்து மற்றதைத் திருத்துவது சுலபம். பள்ளிப் பதிவேட்டைப் பத்தாம் வகுப்புக்குப் போகும் முன் திருத்திவிட வேண்டும். மதிப்பெண் சான்றில் ஏறிவிட்டால் பிறகு பெரும்பாடு.

செத்துப்போன மகன் குடும்ப அட்டையில் பிள்ளைகள் பெயர் இருக்கிறது. என் அட்டைக்கு எப்படி மாற்றுவது?

அந்த அட்டையில் பிள்ளைகளின் பெயரை நீக்கி, பெயர் நீக்கல் சான்று வாங்கி, அதை வைத்து உங்கள் அட்டையில் சேர்க்க வேண்டும். வட்ட வழங்கல் அலுவலகத்தில் அல்லது இ-சேவை மையத்தில் செய்யலாம். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள எச்.ஐ.வி. குடும்பங்களை மாதம் 35 கிலோ தரும் அந்தியோதயா அட்டையில் முன்னுரிமை கொடுத்துச் சேர்க்க விதி உண்டு. நிலையை வெளியே சொல்லத் தயாராக இருந்தால் மட்டும் அதைக் கேளுங்கள்.

நாற்று முடிச்சுப் பிடித்தே தேய்ந்த விரலைக் கடை இயந்திரம் ஏற்பதில்லை. நான்கு விரல் வைத்துப் பார்த்துவிட்டு "நாளைக்கு வா ஆயா" என்று அனுப்பிவிடுவார்கள். உங்கள் சார்பில் வேறொருவர் வாங்குவதற்கான படிவத்தை வழங்கல் அலுவலகத்தில் ஒரு தடவை எழுதிக் கொடுத்துவிட்டால் இந்த அலைச்சல் தீரும்.

மாத்திரையை எப்படிக் கொடுப்பது? விட்டுப்போனால்?

ஒரே நேரம், தினமும். டி.வி. தொடரோடு, கோயில் மணியோடு, பால்காரர் வருவதோடு முடிச்சுப் போடுங்கள், கடிகாரத்தை நம்பாதீர்கள். ஒரு வேளை மறந்துவிட்டு அதே நாளில் ஞாபகம் வந்தால் உடனே கொடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டதை விட்டுவிடுங்கள், இரண்டாகச் சேர்த்துக் கொடுக்க வேண்டாம். விழுங்கிய அரை மணிக்குள் வாந்தி எடுத்தால் மறுபடி கொடுக்க வேண்டும். நாளுக்கு ஒரு வேளை மருந்தென்றால் மாதத்தில் ஒன்று விட்டுப்போனால் சமாளிக்கலாம். இரண்டு விட்டாலே 95 சதவீதத்துக்குக் கீழே போய்விடும், மருந்துக்கு அடங்காத கிருமி வளர வழி கிடைக்கும்.

சின்னப் பிள்ளைகளுக்குத் தண்ணீரில் கரையும் டோலுடெக்ராவிர் 10 மில்லிகிராம் மாத்திரை. இரண்டு சிறு கரண்டி தண்ணீரில் கரைத்து உடனே குடிக்கக் கொடுத்து, கிண்ணத்தில் ஒட்டியதையும் கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசிக் குடிக்க வையுங்கள். அடியில் தங்கியதும் மருந்துதான். ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரையோ கால்சியமோ கொடுத்தால், சாப்பாட்டோடு சேர்த்து இரண்டையும் ஒன்றாகக் கொடுக்கலாம். வெறும் வயிற்றிலென்றால் டோலுடெக்ராவிர் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து அதைக் கொடுங்கள். காசநோய் மருந்து தொடங்கினால் கட்டாயம் சொல்லுங்கள், அப்போது டோலுடெக்ராவிரை இரண்டு வேளையாக்குவார்கள்.

அபாகாவிர் உள்ள மருந்து தொடங்கிய முதல் ஆறு வாரத்துக்குள் காய்ச்சலும் தடிப்பும் வாந்தியும் சேர்ந்து வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். அது ஒவ்வாமை என்று மருத்துவர் நிறுத்தினால் அந்த மருந்தை வாழ்நாளில் மறுபடி தொடவே கூடாது. பையில் மிச்சமிருக்கிறதே என்று கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. அது இருந்த டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மாத்திரை வாங்க நான் மட்டும் போய்வந்தால் போதாதா?

போதாது. பிள்ளையின் மருந்தளவு எடையைப் பொறுத்தது. கரையும் டோலுடெக்ராவிர் 10 முதல் 14 கிலோவரை இரண்டு மாத்திரை, 14 முதல் 20 கிலோவரை இரண்டரை, 20 கிலோ ஆனதும் 50 மில்லிகிராம் ஒற்றை மாத்திரை. பிள்ளையைக் கூட்டிப்போகாமல் சிகிச்சைப் புத்தகத்தை மட்டும் நீட்டினால் பழைய எடைக்குப் பழைய அளவுதான் எழுதுவார்கள். பிள்ளை வளர்ந்திருக்கும், மருந்து குறைந்துபோயிருக்கும், ஆறு மாதம் கழித்து வைரல் லோடு (ரத்தத்தில் உள்ள கிருமியின் அளவு) ஏறியிருக்கும். "ஒழுங்காகத்தானே கொடுத்தேன்" என்று பாட்டி அழுவதில் பொய்யே இருக்காது. பள்ளி நாள் போனாலும் பரவாயில்லை, இரண்டு மாதத்துக்கு ஒரு தடவையாவது எடை பார்த்துவிட வேண்டும். வைரல் லோடு பரிசோதனை சிகிச்சையின் ஆறாவது, பன்னிரண்டாவது மாதத்திலும் பிறகு ஆண்டுக்கு ஒரு தடவையும். அந்தத் தேதியை நாட்காட்டியில் வட்டமிட்டு வையுங்கள்.

நாட்டு மருந்து, சித்த மருந்து கூடவே கொடுக்கலாமா? ஏ.ஆர்.டி. மருந்தை நிறுத்திவிட்டு எதையும் கொடுக்கக் கூடாது. சேர்த்துக் கொடுக்க நினைத்தால் டப்பாவை எடுத்துப்போய் மருத்துவரிடம் காட்டிவிட்டுக் கொடுங்கள்.

என்ன சாப்பிடக் கொடுப்பது?

தொற்று இருந்தும் நன்றாக வளர்கிற பிள்ளைக்கு மற்றப் பிள்ளைகளைவிட 10 சதவீதம் கூடுதல் சக்தி போதும். ஏழெட்டு வயதென்றால் ஒரு முட்டையும் ஒரு கைப்பிடி வேர்க்கடலையும் கூடச் சேர்த்தாலே அது வந்துவிடும். எடை ஏறாமல் இருந்தால் 20 முதல் 30 சதவீதம் கூடுதல் தேவை. அப்போது இடைவேளையில் இன்னொரு தீனியும் வேண்டும்: வெல்லம் போட்ட கேழ்வரகுக் கூழ், எள்ளுருண்டை, நெய் விட்ட பருப்புச் சோறு. விலைகூடிய சத்து டப்பாக்களை வட்டிக்கு வாங்கி ஊட்டுவது வீண். பள்ளிக் காலை உணவையும் சத்துணவு முட்டையையும் விடாமல் சாப்பிடச் சொல்லுங்கள், அதுவே பாதிச் சுமையை இறக்கும். குழித் தண்ணீரையும் ஆற்றுத் தண்ணீரையும் கொதிக்க வைக்காமல் கொடுக்க வேண்டாம். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பள்ளியில் கொடுக்கும் குடற்புழு மாத்திரையைத் தவறவிட வேண்டாம்.

ஒரே தட்டு, ஒரே பாய், ஒரே குளியலறை. மற்றப் பிள்ளைகளுக்கு வருமா?

வராது. தட்டை மாற்றி வைப்பதும் பாயைத் தனியே போடுவதும் கிருமியைத் தடுக்காது, பிள்ளை மனசில்தான் ஆறாத வடு போடும். கவனிக்க வேண்டியது ரத்தம் ஒன்றே. காயத்தைத் துடைக்கும்போது கையில் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொள்ளுங்கள், பிறகு சோப்பு. வைத்தீசுவரன்கோயிலிலோ சமயபுரத்திலோ மொட்டை போடும்போது எந்தப் பிள்ளைக்கும் புதுப் பிளேடு கேளுங்கள், யாருக்கும் காரணம் சொல்லத் தேவையில்லை.

பள்ளிக்கூடத்தில் சொல்ல வேண்டுமா?

வேண்டாம். சேர்க்கைக்குப் பரிசோதனை கேட்பதும், தெரிந்துகொண்டு தனியே உட்கார வைப்பதும் 2017-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு எதிரானவை. மாத்திரை நேரத்தைப் பள்ளி நேரத்தில் வைக்காதீர்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். ஏ.ஆர்.டி. நாளுக்கு "ஆஸ்பத்திரி" என்று விடுப்புக் கடிதம் எழுதினால் போதும். பிள்ளைகளை ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டுவரை அரசுப் பள்ளியிலேயே வைத்திருப்பது பின்னால் உதவும். கல்லூரிக்குப் போகும்போது பெண்ணுக்குப் புதுமைப் பெண், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் ரூ.1,000 வரும்.

பிள்ளையிடம் எப்போது சொல்வது?

கேட்கும்போது, கேட்ட அளவுக்கு. ஏழெட்டு வயதில் "உடம்புக்குள்ள இருக்கிற கிருமியைத் தூங்க வைக்கிற மாத்திரை" என்றால் போதும். பெயரைப் பத்துப் பன்னிரண்டு வயதில் ஏ.ஆர்.டி. ஆலோசகரோடு சேர்ந்து சொல்லுங்கள். "சத்து மாத்திரை" என்று பதினைந்து வயதுவரை ஏமாற்றினால், போனில் மாத்திரைப் பெயரைத் தட்டி அவனே கண்டுபிடித்துவிடுவான். அன்றைக்கு நோயைவிடப் பொய்தான் அவனுக்குப் பெரிதாகத் தெரியும். அப்படிப்பட்ட பிள்ளைகள்தான் மாத்திரையை வைக்கோல் போருக்குள் செருகி வைப்பார்கள். "எனக்கு அம்மாதான் கொடுத்தாளா?" என்ற கேள்வியும் வரும். "அவளுக்கே தெரியாது சாமி" என்பது பெரும்பாலும் உண்மையான பதிலாக இருக்கும்.

மகன் பெயரில் முக்கால் மா நிலம். அவன் தம்பி உழுகிறான், பிள்ளைகளுக்கு நெல்கூடத் தருவதில்லை.

உழுவதால் நிலம் அவருடையது ஆகிவிடாது. வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்று வாங்கி, பிள்ளைகள் பெயரைப் பட்டாவில் ஏற்றுங்கள். நாலு பேர் சொல்லிப் பங்கு நெல் வருகிறதென்றால் அது நல்லது, ஆனால் பட்டா வேலையை அதற்காக நிறுத்த வேண்டாம். ஆண்டுக்கு ஒரு தடவை வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள். மைனரின் நிலத்தைக் காப்பாளர் நீதிமன்ற அனுமதி இல்லாமல் விற்றால், பிள்ளை 18 வயதாகி மூன்று ஆண்டுக்குள் அதை எதிர்த்து வழக்குப் போடலாம். எச்.ஐ.வி.யால் பாதிக்கப்பட்ட குழந்தையின் சொத்து பறிபோகிறதென்றால் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவிடம் புகார் கொடுக்க 2017-ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்கிறது. வழக்கறிஞர் செலவுக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள், குழந்தைகளுக்கு அங்கே இலவசம்.

முடியவில்லை. ஏதாவது ஆசிரமத்தில் சேர்த்துவிடலாமா?

முடியவில்லை என்று சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் தெரிந்தவர் மூலம் காரில் ஏற்றி அனுப்பாதீர்கள். குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் பேசி, குழந்தைகள் நலக் குழு வழியாகப் பதிவு பெற்ற இல்லத்தில் மட்டும் சேர்க்க வேண்டும். அண்ணன் தங்கையைப் பிரிக்க வேண்டாம் என்று எழுதியே கேளுங்கள். பல வீடுகளில் உண்மையில் தேவைப்படுவது இல்லம் அல்ல, மாதம் நாலாயிரமும் வாரத்தில் ஒரு நாள் ஓய்வும்தான். முதலில் அதைக் கேட்டுப் பாருங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம் வந்தால் மருந்து?

2018 நவம்பர் 16-இல் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது கூரையோடு சேர்ந்து மாத்திரையும் போன வீடுகள் உண்டு. புரட்டாசி முடியும் முன்பே கூடுதல் மாத மருந்து கேட்டு வாங்குங்கள். டப்பாவைத் திறந்து மாற்றி வைக்காமல், உள்ளே இருக்கும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு, இரண்டு பாலித்தீன் பையில் கட்டி, சிகிச்சைப் புத்தகத்தின் நகலோடு பரணில் அல்ல, கையில் தூக்கும் பையில் வையுங்கள். முகாமுக்குப் போனாலும் அந்தப் புத்தகத்தைக் காட்டினால் வேறு ஊர் ஏ.ஆர்.டி. மையத்திலும் மருந்து தருவார்கள். சந்தேகத்துக்கு எச்.ஐ.வி. உதவிக்கான இலவச எண் 1097.

எனக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

இந்தப் பக்கத்தில் மற்றதைவிட இதுதான் அவசரம், கடைசியில் கேட்கப்படுவதும் இதுதான். பாட்டிக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இருக்கும், பேரனின் மாத்திரையை எண்ணுகிறவள் தன் மாத்திரையை விட்டுவிடுவாள். அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெயர் கொடுத்தால் அது வீட்டுக்கே வரும்.

இப்போதே இரண்டாவது ஆளை முடிவு செய்யுங்கள். தாய்மாமன், அத்தை, மூத்த பேத்தி, யாராக இருந்தாலும் சரி. அந்த ஆளை அடுத்த ஏ.ஆர்.டி. நாளுக்குக் கூட்டிப்போய் ஆலோசகரிடம் காட்டி, பெயரையும் போன் எண்ணையும் புத்தகத்தில் எழுத வையுங்கள். மாத்திரை எந்த டப்பாவில், எத்தனை மணிக்கு என்பது அவருக்குத் தெரிய வேண்டும். மூத்த பிள்ளைக்கு 12 வயது ஆகி, வீட்டைப் பார்த்துக்கொள்ளும் முதிர்ச்சி இருந்தால், தம்பி தங்கையின் பள்ளிச் சேர்க்கை, சிகிச்சை, வங்கிக் கணக்கு, சொத்துக்குக் காப்பாளராக இருக்க 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 32-ஆம் பிரிவு இடம் தருகிறது. பெற்றோரில் ஒருவர் இன்னும் உயிரோடு இருந்தால், உயிலில் காப்பாளர் யாரென்று எழுதிவைக்க அடுத்த பிரிவு வழி சொல்கிறது. தாய் படுக்கையில் இருக்கும் வீடுகளில் இந்தப் பேச்சை எடுக்கவே எல்லோரும் தயங்குவார்கள். அந்தத் தாயிடமே கேட்க வேண்டிய கேள்வி அதுதான், மெதுவாகக் கேளுங்கள்.

எல்லாத் தாளையும் ஒரே பிளாஸ்டிக் பையில் போட்டு, அது எங்கே இருக்கிறதென்று இரண்டாவது ஆளிடம் சொல்லிவையுங்கள்: இரண்டு இறப்புச் சான்று, பிறப்புச் சான்று, ஆதார், பாஸ்புக், பட்டா நகல், சிகிச்சைப் புத்தகம், மனுக்களின் ஒப்புகை. மழை வந்தால் பாட்டி கையில் எடுத்துக்கொண்டு ஓடுகிற பையும் அதுவாகவே இருக்கட்டும்.